கரண்ட் போகும் நேரமும் கிணற்றுத் தண்ணீரும்: காபனீரொட்சைட்டு ஊக்கியை நீடித்து உழைக்க வைப்பது

காபனீரொட்சைட்டை மின்சாரத்தால் எரிபொருளாக்கும் ஊக்கிகளைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் ஊக்கி ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தைத்தான் பேசுகின்றன. எத்தனை அம்பியரில், எத்தனை மணித்தியாலம், எத்தனை வீதம். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ முல்லைத்தீவிலோ இந்த வேலையில் இறங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது ஊக்கி நிற்கும் நேரத்தை. ஊக்கிகள் ஓடிக் கெடுவதைவிட நின்று கெடுவதே இங்கே அதிகம். அதற்கு அடுத்தபடி, தண்ணீரோடும் உப்போடும் உள்ளே வரும் அழுக்கு கெடுக்கிறது. இந்த இரண்டையும் அடக்கிவிட்டால், விலை குறைந்த சாதாரண வெள்ளித்தூள் ஊக்கியே நன்றாக உழைக்கும். அடக்காவிட்டால் எந்தப் புதுப் பெயர் கொண்ட நனோ ஊக்கியும் ஒரு கிழமை தாண்டாது.

கீழே சொல்வதெல்லாம் ஒரு சிறிய கலத்தை வைத்து: 5 சதுர சென்ரிமீற்றர் கதோட்டு, 1 அம்பியர் மின்னோட்டம், அதாவது சதுர சென்ரிமீற்றருக்கு 200 மில்லி அம்பியர். கதோட்டில் காபன் தாளின் மேல் வெள்ளித்தூள், நடுவில் அனயன் மென்சவ்வு (எதிரேற்ற அயன்களைக் கடத்தும் மெல்லிய படலம்), அனோட்டில் இரிடியம் ஒட்சைட்டு பூசிய தைத்தேனிய வலை. அனோட்டுப் பக்கம் நீர்த்த பொற்றாசியம் இருகாபனேற்றுக் கரைசல் சுற்றுகிறது. கதோட்டின் பின்புறமாக ஈரப்படுத்திய காபனீரொட்சைட்டு நிமிடத்துக்கு 30 மில்லிலீற்றர் போகிறது. வெளியே வருவது காபனோரொட்சைட்டும் கொஞ்சம் ஐதரசனும். இந்தக் கலவையிலிருந்து மெதனோலுக்கோ டீசலுக்கோ போகும் வழி தொழிற்சாலைகளில் பழகிய வழிதான். செம்பு ஊக்கி நேரே எதிலீனும் எதனோலும் தரும், ஆனால் அது சண்டித்தனமானது. பழகுவதற்கு வெள்ளிதான் நல்லது.

கரண்ட் போனால் கலத்துக்குள் என்ன நடக்கிறது

2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுதும் ஒரே நேரத்தில் இருண்டது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள். அப்படியான பெரிய வெட்டுகள் கணக்கில் வந்துவிடும். மரக்கொப்பு கம்பியில் உரசி அரை நிமிடம் போய் வருவது எந்தக் கணக்கிலும் வராது. ஊக்கிக்கு அந்த அரை நிமிடமும் போதும்.

மின்சாரம் நின்றதும் கலம் சும்மா இருப்பதில்லை. அனோட்டுப் பக்கம் ஒட்சிசன், கதோட்டுப் பக்கம் காபனோரொட்சைட்டும் ஐதரசனும். இரண்டையும் பிரிக்க ஒரு மென்சவ்வு. அதாவது உங்கள் மின்பகுப்புக் கலம் அந்தக் கணமே ஒரு பற்றரியாக மாறிவிடுகிறது. நின்றுபோன மின்வழங்கி அந்தப் பற்றரிக்குக் குறுக்கே ஒரு சுமைபோல நிற்க, மின்னோட்டம் எதிர்த்திசையில் ஓடுகிறது. கதோட்டின் மின்னழுத்தம் ஏறி வெள்ளியின் மேற்பரப்பு ஒட்சியேறும், அதில் ஒரு பகுதி கரையும். திரும்பக் கரண்ட் வந்ததும் கரைந்தது மீண்டும் படியும். ஆனால் பழைய இடத்தில் பழைய பருமனில் படியாது, கட்டி கட்டியாகப் படியும். அதே நேரத்தில் காபன் தாளின் நுண்துளைகளும் ஒட்சியேறி, தண்ணீரைத் தள்ளும் குணத்தை இழக்கின்றன. செம்பு என்றால் இதெல்லாம் இன்னும் வேகம். கல்வனிக் கலம் பற்றி உயர்தரத்தில் படித்தது இங்கே நமக்கு எதிராக வேலை செய்கிறது.

குளோரின், எரிசோடாத் தொழிலில் இதை நீண்ட காலமாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். அங்கே கலங்களை நிறுத்தும்போது ஒரு சிறிய காவல் மின்னோட்டத்தை விடாமல் கொடுப்பார்கள். வன்னிக்கு அந்தத் தொழில் புதிது அல்ல. ஆனையிறவு உப்பை மின்பகுத்து பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் எரிசோடாவும் குளோரினும் செய்தார்கள், போர் வந்து நின்றுபோகும் வரை. அந்தத் தொழிலின் இரண்டு பழக்கங்களை இந்த வேலைக்கு அப்படியே எடுக்கலாம். ஒன்று காவல் மின்னோட்டம். மற்றது உப்புக் கரைசலைச் சுத்திகரிப்பதில் உள்ள பிடிவாதம்: மென்சவ்வுக் கலங்களுக்குப் போகும் உப்புக் கரைசலில் கல்சியமும் மகனீசியமும் சேர்ந்து நூறு கோடியில் 20 பங்கு அளவைத் தாண்ட விடமாட்டார்கள்.

காவல் மின்னோட்டத்துக்குப் பெரிய கருவி தேவையில்லை. யூ.பி.எஸ்ஸுக்குப் போடும் 12 வோற்று, 7 அம்பியர் மணி பற்றரி ஒன்று, 390 ஓம் அரை வாற்று ரெசிஸ்ரர் ஒன்று, 1என்4007 டயோட் ஒன்று. பற்றரியின் நேர்முனையிலிருந்து ரெசிஸ்ரர், டயோட் வழியாக அனோட்டுக்கு, எதிர்முனை கதோட்டுக்கு. சிறு மின்னோட்டத்தில் கலம் 2.2 வோற்று அளவில் நிற்கும், டயோட் 0.7 எடுக்கும், மிச்சம் 9.1 வோற்று ரெசிஸ்ரரில் விழ, 23 மில்லி அம்பியர் ஓடும். சதுர சென்ரிமீற்றருக்கு 5 மில்லி அம்பியருக்குக் கொஞ்சம் குறைவு, அது போதும். இது எப்போதும் இணைந்தே இருக்கட்டும். கரண்ட் உள்ளபோது 1 அம்பியரோடு 23 மில்லி அம்பியர் கூடுவதைக் கணக்கில் கழித்துவிடலாம். 13 மணித்தியாலம் வெட்டினாலும் பற்றரியில் 0.3 அம்பியர் மணிதான் இறங்கும்.

இதோடு, பெரிய மின்வழங்கியின் நேர்க்கம்பியில் தொடராக ஒரு சொட்கி டயோட் போடுங்கள்; 1என்5822 மூன்று அம்பியர் தாங்கும். இது இல்லாவிட்டால் காவல் மின்னோட்டம் கலத்துக்குப் போகாமல் நின்றுபோன மின்வழங்கிக்குள்ளேயே போய்விடலாம். டயோட் 0.3 வோற்று அளவில் தின்னும் என்பதால் கலத்தின் வோற்றளவை மின்வழங்கியின் முகப்பில் வாசிக்கக் கூடாது. கலத்தின் இரு முனைகளிலும் தனியே கம்பி எடுத்து மல்ரிமீற்றரில் வாசியுங்கள். பொட்டன்சியோஸ்ரற் (மின்வாயின் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) பாவிப்பவர்கள் இந்தப் பற்றரி வழியை அப்படியே பூட்டக் கூடாது. கருவியின் கையேட்டில் வெளி மின்மூலம் பற்றிச் சொல்லியிருப்பதைப் பார்த்த பிறகே.

வாயு நின்றால் மின்னோட்டம் மட்டும் காப்பாற்றாது

இலத்திரனியல் வாயுக் கட்டுப்படுத்திகள் பெரும்பாலும் கரண்ட் இல்லாவிட்டால் தாமாக மூடிக்கொள்ளும் வகை. மூடினதும் வாயுப் பக்க அழுத்தம் விழும், மறுபக்கத் தண்ணீர் மின்வாயின் துளைகளுக்குள் ஏறும். ஒருமுறை நனைந்த துளை மறுபடி முழுதாக உலர்வதில்லை. உலர்ந்தாலும் உள்ளே உப்பை விட்டுவிட்டுத்தான் உலரும், அந்த உப்பு அடுத்த முறை தண்ணீரை இழுக்கும். இப்படித்தான் ஒவ்வொரு வெட்டிலும் மின்வாய் கொஞ்சம் கொஞ்சமாக மூழ்குகிறது.

ஆகவே கட்டுப்படுத்திக்குப் பக்கத்தால் ஊசி வால்வும் ஓட்டத்தைக் காட்டும் மிதவை மானியும் உள்ள ஒரு கிளைக் குழாய் போடுங்கள். எப்போதும் நிமிடத்துக்கு 5 மில்லிலீற்றர் அந்த வழியால் போகட்டும், மிச்சம் 25 கட்டுப்படுத்தியால். கரண்ட் போனால் 5 தொடரும். காவல் மின்னோட்டத்துக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது, மிச்சம் அழுத்தத்தைக் காக்க. ஈரமாக்கும் குமிழிப் போத்தலுக்குக் கரண்ட் வேண்டியதில்லை, அதனால் மென்சவ்வும் காயாது. சிலிண்டருக்கும் குமிழிப் போத்தலுக்கும் இடையில் ஒரு வெறும் போத்தலையும் பூட்டி வையுங்கள். சிலிண்டர் முடிந்து அழுத்தம் விழுந்தால் தண்ணீர் பின்னோக்கி வந்து அதில் நிற்கும், ரெகுலேற்றருக்குள் போகாது.

குமிழிப் போத்தலின் வெப்பநிலை கலத்தின் வெப்பநிலையைத் தாண்டக் கூடாது. ஏப்ரல் மாதத்து மத்தியானம் யன்னலோரம் வைத்த போத்தல் வெயிலில் சூடாகி, மின்விசிறிக் காற்றில் இருக்கும் கலம் அதைவிடக் குளிர்ந்திருந்தால், நீராவி கலத்துக்குள் போய்த் தண்ணீராகும். பார்ப்பதற்கு ஊக்கி கெட்டதுபோலவே இருக்கும். போத்தலை நிழலில், கலத்துக்குக் கீழ்த்தட்டில் வைத்தால் பிரச்சினை முடிந்தது.

தண்ணீர்

வன்னிக் கிணறுகளின் தண்ணீர் எவ்வளவு வன்மையானது என்பதைக் கேத்தலின் அடியில் படியும் வெள்ளைச் சுண்ணாம்பே சொல்லும். லீற்றருக்கு 300 மில்லிகிராம் வன்மை என்றால் ஒரு லீற்றரில் கல்சியம் காபனேற்றுக்குச் சமமாக 0.3 கிராம். கதோட்டின் மேற்பரப்பு கடும் காரமானது. கல்சியமும் மகனீசியமும் அங்கே வந்ததும் காபனேற்றாகவும் ஐதரொட்சைட்டாகவும் படிந்து ஊக்கியை மூடிவிடும். இதைக் கரைக்க அமிலம் ஊற்றினால் ஊக்கியும் போகும்.

சிறுநீரக நோய்ப் பயத்தால் ஊர் ஊராக வைத்திருக்கும் ஆர்.ஓ. (எதிர்ச் சவ்வூடுபரவல்) நிலையங்களின் தண்ணீர் குடிக்க நல்லது, இந்த வேலைக்கு அப்படியே போதாது. மின்கடத்துதிறன் சென்ரிமீற்றருக்குப் பல பத்து மைக்ரோசீமன்கள் இருக்கும். நமக்கு ஒன்றுக்குக் கீழே வேண்டும். ஆனாலும் ஆர்.ஓ. தண்ணீரைத்தான் வாங்க வேண்டும், ஏனென்றால் அதை அயன் பரிமாற்றப் பிசின் குழாயால் விட்டால் பிசின் நெடுங்காலம் தாங்கும். கிணற்றுத் தண்ணீரை நேரே விட்டால் பிசின் சில பத்து லீற்றரிலேயே களைத்துவிடும். பெற்றோல் நிலையத்தில் விற்கும் பற்றரித் தண்ணீரை நம்புவதானால் ஒவ்வொரு போத்தலையும் கடத்துதிறன் மானியால் பார்த்த பிறகு நம்புங்கள். வடிகட்டி எடுப்பவர்கள் கண்ணாடிக் குளிர்த்தியைப் பாவிக்க வேண்டும். செப்புச் சுருள் வைத்த வடிகலம் உங்கள் வெள்ளி மின்வாய்க்குச் செம்பு பூசிக் கொடுக்கும்.

தண்ணீர் சுத்தமானாலும் உப்பில் இரும்பு இருக்கிறது. இதன் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். 0.1 மூலர் கரைசலுக்கு லீற்றருக்கு 10 கிராம் பொற்றாசியம் இருகாபனேற்று. அந்த உப்பில் இரும்பு பத்து லட்சத்தில் 5 பங்கு என்று வைத்தால் 50 மைக்ரோகிராம். ஒரு சதுர சென்ரிமீற்றரை ஓர் அணுப்படலம் மூட 0.14 மைக்ரோகிராம் இரும்பு போதும். ஆக அந்த ஒரு லீற்றர் கரைசலில் 350 சதுர சென்ரிமீற்றருக்கு மேல் மூடக்கூடிய இரும்பு இருக்கிறது. நமது கலத்தில் 50 நனோமீற்றர்த் துணிக்கைகளாக 5 மில்லிகிராம் வெள்ளி இருந்தால் அதன் மொத்த மேற்பரப்பே 570 சதுர சென்ரிமீற்றர் அளவுதான். முழுவதும் மூட வேண்டும் என்றும் இல்லை. இரும்பு ஐதரசனை விருப்பத்தோடு விடும் உலோகம். நூற்றில் சில இடங்களை அது பிடித்தாலே காபனோரொட்சைட்டுக்குப் பதிலாக ஐதரசன் ஏறத் தொடங்கும். மென்சவ்வு கொஞ்சத்தை மறிக்கும், முழுதாக மறிக்காது. வெறும் செப்புத் தகடாக 5 சதுர சென்ரிமீற்றரைக் கரைசலில் முக்கி வேலை செய்பவருக்கு, அதே இரும்பு எழுபது படலம்.

செப்பு மின்வாய்கள் சில பத்து நிமிடங்களில் களைத்துப்போவதை வைத்து, செம்பே இந்த வேலைக்கு நிலையற்றது என்று ஒரு காலம் எழுதினார்கள். செம்பில் மெதேனும் எதிலீனும் வருவதை 1980களில் காட்டிய யப்பானியர் யோஷியோ ஹோரியின் குழு, 2005இல் வெளியிட்ட ஆய்வில் குற்றவாளி கரைசலில் உள்ள இரும்பும் நாகமும் (துத்தநாகம்) என்று காட்டியது. கரைசலை முன்கூட்டி மின்பகுத்து அந்த உலோகங்களை எடுத்துவிட்டால் அதே செம்பு களைக்கவில்லை.

அந்த முன்மின்பகுப்பை எந்தச் சிறு ஆய்வுகூடத்திலும் செய்யலாம். கரைசலில் பரப்புக் கூடிய கிரபைற்றுத் தகடு கதோட்டாகவும் இரிடியம் பூசிய தைத்தேனியம் அனோட்டாகவும் இருக்க, மிகச் சிறிய மின்னோட்டத்தில் காந்தக் கலக்கியோடு இரவு முழுதும் விடவும். கவனிக்க வேண்டிய இடம் காலையில்: கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே தகடுகளை வெளியே தூக்க வேண்டும். நிறுத்திவிட்டுத் தூக்கினால் இரவெல்லாம் படிந்த இரும்பு அந்த ஒரு நிமிடத்தில் திரும்பக் கரையத் தொடங்கும். இரவில் கரண்ட் போய் வந்திருந்தாலும் அந்தக் கரைசல் சுத்தம் என்று எடுக்க முடியாது. திரும்பவும் ஓட விட வேண்டும். கரண்டை நம்ப முடியாதவருக்கு, உலோக அயன்களைப் பிடித்துக்கொள்ளும் செலெக்ஸ் பிசின் நல்லது. 100 மில்லிலீற்றருக்கு ஒரு கிராம் போட்டு இரவு முழுதும் கலக்கி வடிகட்டுங்கள். அது சோடியம் வடிவில் வரும், முதலில் பொற்றாசியம் வடிவுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

இரும்பு இருக்கிறதா என்று பார்க்க விலைகூடிய கருவி கட்டாயம் இல்லை. பத்து கிராம் உப்பை ஒரு லீற்றரில் கரைத்துப் பார்த்தால் நிறம் பிடிபடாது. அதே பத்து கிராமைச் சுத்தமான ஐதரோகுளோரிக்கமிலத்தால் மெல்ல மெல்ல நடுநிலையாக்கி (நுரைத்துப் பொங்கும், பெரிய முகவையில் செய்யுங்கள்) 50 மில்லிலீற்றருக்குக் கொண்டுவந்தால், 50 மைக்ரோகிராம் இரும்பு லீற்றருக்கு ஒரு மில்லிகிராம் என்ற செறிவுக்கு ஏறும். ஐதரொட்சிலமீனால் தாழ்த்தி, அசற்றேற்றுத் தாங்கற் கரைசலில் ஓதோபினாந்திரோலின் சேர்த்தால் செம்மஞ்சள் நிறம் வரும். 510 நனோமீற்றரில் சாதாரண நிறமாலைமானியிலேயே வாசிக்கலாம். உப்புச் சேர்க்காமல் அதே அமிலத்தோடு ஒரு வெற்றுக் கரைசலும் செய்துகொள்ளுங்கள். அமிலத்திலும் இரும்பு வரும்.

கலத்தின் உறுப்புகளும் அழுக்குத் தரும். கறையில்லா உருக்கு இணைப்பிகளை அனோட்டுக் கரைசல் தொடும் இடத்தில் போடாதீர்கள். இரும்பும் நிக்கலும் மெல்லக் கசியும். ரெப்லோனும் பொலிபுரோப்பிலீனும் மலிவு, நிம்மதி. சைக்கிள் ரியூப்பை வெட்டி வோஷர் போடும் பழக்கம் எங்கள் ஊர்களில் எல்லாவற்றுக்கும் கைகொடுக்கும். இங்கே மட்டும் வேண்டாம். அது கந்தகத்தால் வல்கனைசுப்படுத்திய இறப்பர், வெள்ளிக்கும் செம்புக்கும் கந்தகம் நஞ்சு. வைற்றன் வளையம் வாங்குங்கள். பிளாற்றினத்தை அனோட்டாக வைப்பவர்களும் யோசிக்க வேண்டும்: அது கரைந்து வந்து கதோட்டில் படியும், பிளாற்றினத்தைவிட நன்றாக ஐதரசன் விடும் உலோகம் இல்லை. நிக்கல் அனோட்டு மலிவு என்று ஆசைப்படலாம், கடும் காரத்தில் அது நிற்கும். ஆனால் காபனீரொட்சைட்டு மென்சவ்வைத் தாண்டி வந்து காரத்தை இருகாபனேற்றாக மாற்றியதும் நிக்கல் கரையத் தொடங்கும்.

வெள்ளைப் பூ

கலத்தைக் கழற்றும்போது வாயு வாய்க்கால்களில் பூத்திருக்கும் வெள்ளைப் பளிங்கு பொற்றாசியம் இருகாபனேற்று. ஒவ்வொரு இலத்திரனுக்கும் கதோட்டில் ஓர் ஐதரொட்சைட்டு அயன் பிறக்கிறது, 1 அம்பியருக்கு மணிக்கு 37.3 மில்லிமூல். அது காபனீரொட்சைட்டைப் பிடித்துக் காபனேற்றாகிறது. அனோட்டுப் பக்கத்திலிருந்து கசிந்து வரும் பொற்றாசியம் அதோடு சேர்ந்து உப்பாகிறது. மணிக்கு 0.1 மில்லிமூல் பொற்றாசியம் கசிந்தாலே போதும், ஒரு நாளில் 0.24 கிராம் உப்பு. வாய்க்கால்களின் மொத்தக் கனவளவு கால் மில்லிலீற்றர் என்றால் ஒரே நாளில் அதில் பாதி அடைபடுகிறது. அடைபட்ட இடத்தின் கீழுள்ள ஊக்கிக்கு வாயு கிடைக்காது. ஊக்கி நன்றாகத்தான் இருக்கும், பட்டினி.

முதல் மருந்து அனோட்டுக் கரைசலை நீர்க்கச் செய்வது: 0.1 மூலரிலிருந்து 0.02 மூலருக்கு இறங்குங்கள். கலத்தின் வோற்றளவு கொஞ்சம் ஏறும், அந்த விலையைக் கொடுக்கலாம். அடுத்தது கழுவுதல். வாயு உள்ளே போகும் குழாயில் தண்ணீர் நிரம்பிய ஒரு U வடிவக் குழாய் மானியை இணைத்து வையுங்கள். அழுத்தம் தொடக்க அளவின் இரண்டு மடங்கானதும் மின்னோட்டத்தைக் காவல் அளவுக்கு இறக்கி, 40 பாகைச் சூட்டில் 10 மில்லிலீற்றர் சுத்தமான தண்ணீரை ஊசிக் குழலால் மெதுவாக வாயு வழியில் விட்டு, பிறகு பத்து நிமிடம் காபனீரொட்சைட்டால் ஊதுங்கள். மின்னோட்டத்தை 0.1, 0.25, 0.5, 1 அம்பியர் என்று ஐந்து ஐந்து நிமிட இடைவெளியில் ஏற்றுங்கள். கரண்ட் நெடுநேரம் போய் வந்த பிறகும் இதே ஏற்றம்தான்.

வோற்றளவை ஒரு நிமிடம் வேலை அளவிலும் அரை நிமிடம் தாழ்ந்த அளவிலும் மாற்றி மாற்றிக் கொடுத்து உப்பைத் தானே கரைய விடும் வழியை 2021இல் ரொறன்ரோ பல்கலைக்கழகக் குழு காட்டியது. மின்வழங்கியை நிகழ்த்த ஒரு சிறு நுண்கட்டுப்படுத்தி இருந்தால் செய்து பார்க்கலாம். இதைவிட எங்களுக்குப் பிடித்தது 2025இல் ரைஸ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த வழி: ஈரமாக்கும் குமிழிப் போத்தலில் தண்ணீருக்குப் பதிலாக நீர்த்த, ஆவியாகும் அமிலம். வாயுவோடு போகும் சிறிதளவு அமில ஆவி, இருகாபனேற்றை இன்னும் நன்றாகக் கரையும் உப்பாக மாற்றிவிடுகிறது. தண்ணீரில் 80 மணியளவில் அடைபட்ட அமைப்பு, 100 சதுர சென்ரிமீற்றர்க் கலத்தில் 4500 மணித்தியாலம் தாண்டியது, அதுவும் வெள்ளி ஊக்கியில். இதற்காக ஊக்கியில் கைவைக்கத் தேவையில்லை. ஐதரோகுளோரிக்கமிலத்தைத் தேடாமல் அசற்றிக்கமிலத்தோடு தொடங்கலாம். உலோக இணைப்பிகள் அந்த ஆவிப் பாதையில் இருக்கக் கூடாது.

மின்வாயைச் செய்யும்போது

இதில் இரண்டு மூன்று சொல்லிப் போகலாம். வெள்ளி நனோத்தூள் 10 மில்லிகிராம், ஐசோபுரோப்பனோல் 2 மில்லிலீற்றர், 5 வீத அயனோமர்க் (அயன்களைக் கடத்தும் பல்பகுதியம்) கரைசல் 40 மைக்ரோலீற்றர். அரை மணித்தியாலம் மீயொலிக் குளியலில், ஐஸ் போட்டு. 70 பாகைச் சூடான தட்டில் காபன் தாளை வைத்து ஏயர் பிரஷால் மெல்லிய படைகளாக அடியுங்கள். பாதி காற்றில் போய்விடும், 5 மில்லிகிராம் நிற்கும். முன்னும் பின்னும் நிறுத்துப் பார்க்காமல் சதுர சென்ரிமீற்றருக்கு இவ்வளவு என்று எழுதக் கூடாது. காபன் தாள் 0.32 மில்லிமீற்றர் தடிப்பு என்றால் வோஷர் 0.25, அதைவிட நெரித்தால் துளைகள் நசிந்து தண்ணீர் தேங்கும். போல்ற்றுகளை எதிரெதிராக, மூன்று சுற்றில் இறுக்குங்கள்.

செம்புக்கு வந்தால், காபன் தாளை நம்ப வேண்டாம். வேலை மின்னழுத்தத்திலேயே காபன் தண்ணீரை விரும்பத் தொடங்கிவிடும். 2018இல் ரொறன்ரோவில் செய்த மின்வாயில் துளையுள்ள ரெப்லோன் படலத்தின் மேல் செம்பு, அதன் மேல் காபன், கிரபைற்று என்று அடுக்கினார்கள். தண்ணீரைத் தள்ளும் வேலையை ரெப்லோனுக்கும் மின்சாரத்தைக் கடத்தும் வேலையைக் கிரபைற்றுக்கும் பிரித்துக் கொடுத்ததால், 7 மூலர் காரத்தில், மின்னோட்டத்தில் 70 வீதம் எதிலீனுக்குப் போக, 150 மணித்தியாலம் நின்றது. செம்புத் துணிக்கைகள் ஓடும்போதே கரைந்து படிந்து பருத்துப்போகும் என்பதால் மிக நுண்ணிய தூளுக்குப் பணம் கொட்டுவதில் பயனில்லை. முதல் மணித்தியாலத்தில் அது தன் உருவத்தைத் தானே தீர்மானித்துக்கொள்ளும். கலத்தைத் திறக்கும்போது காவல் மின்னோட்டத்தை நிறுத்துவதற்கு முன் நைதரசன் ஓட விட்டு, திறந்ததும் கழுவி நைதரசனில் உலர்த்துங்கள். காற்றில் விட்ட செம்பை நுணுக்குக்காட்டியில் பார்த்து எழுதும் விளக்கமெல்லாம் காற்றைப் பற்றிய விளக்கம்.

சாணி எரிவாயுவிலிருந்து வரும் காபனீரொட்சைட்டைப் பாவிக்க நினைப்பவர்கள் உண்டு, நல்ல எண்ணம்தான். மாட்டுப் பட்டிகளுக்கு இங்கே குறைவில்லை. அதில் ஐதரசன் சல்பைட்டு பத்து லட்சத்தில் நூற்றுக்கணக்கான பங்கிலிருந்து ஆயிரங்கள் வரை வரும். செம்பு அதைப் பிடித்துச் செப்புச் சல்பைட்டாகிவிட்டால் எதிலீன் போய் போமேற்றும் ஐதரசனும்தான் வரும், பிறகு சுத்தமான வாயுவைக் கொடுத்தாலும் பழைய நிலைக்கு வராது. துருப்பிடித்த இரும்புச் சீவல் நிரப்பிய குழாயால் முதலில், உயிர்ப்பூட்டிய கரியால் பிறகு என்று இரண்டு கட்டமாக வடிக்க வேண்டும். களைத்த இரும்புச் சீவலைத் திடீரென்று காற்றில் கொட்டினால் சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்தபடி வெளியே எடுங்கள். சிலிண்டர் வாயுவுக்கும் ஒரு சிறிய கரிக் குழாய் போட்டால் எண்ணெய் ஆவி நிற்கும்.

கெட்டுவிட்டதா என்று அறிவது

வாயு நிறப்பகுப்பி (வாயுக் கலவையைப் பிரித்து அளக்கும் கருவி) இல்லாதவரும் மின்வாய் மூழ்குவதைப் பிடிக்கலாம். வெளியே வரும் வாயுவைச் சவர்க்காரக் குமிழி மானியால் அளந்தால் போதும். உள்ளே நிமிடத்துக்கு 30 மில்லிலீற்றர். ஊக்கி சரியாக வேலை செய்தால் ஒரு காபனீரொட்சைட்டுக்கு ஒரு காபனோரொட்சைட்டு, கனவளவு மாறாது. காபனேற்றாகப் போகும் 7.6 மில்லிலீற்றர் மட்டும் குறையும். ஆகவே 22, 23 அளவில் வெளியே வரும். மின்வாய் மூழ்கிக் காபனோரொட்சைட்டுக்குப் பதிலாக ஐதரசன் வரத் தொடங்கினால், முழுதாக மாறும்போது இன்னொரு 7.6 சேர்ந்து 30க்கு ஏறும். வெளியேறும் ஓட்டம் ஏறுகிறது என்றால் ஐதரசன் ஏறுகிறது. நாளுக்கு இரண்டு முறை அளந்து, பக்கத்தில் வோற்றளவையும் U குழாயின் உயரத்தையும் எழுதுங்கள். ஓட்டம் மாறாமல் அழுத்தம் மட்டும் ஏறினால் உப்பு. அழுத்தம் மாறாமல் ஓட்டம் ஏறினால் மூழ்கல் அல்லது உலோக அழுக்கு. கழுவி உலர்த்தியதும் குணமானால் மூழ்கல், குணமாகாவிட்டால் உலோகம். வோற்றளவு மட்டும் ஏறினால் அனோட்டையோ மென்சவ்வையோ தொடுமிடங்களின் துருவையோ பாருங்கள், ஊக்கியைக் குறைசொல்ல அவசரப்பட வேண்டாம்.

இதே அளவீடு இன்னொரு பிழையையும் காட்டும். மின்னோட்டத்தில் எத்தனை வீதம் காபனோரொட்சைட்டுக்குப் போனது என்று கணக்கிடும்போது வாயு ஓட்டமாக உள்ளே போகும் 30ஐப் போட்டால், உண்மையில் 22.4 தான் வெளியே வருவதால், மூன்றில் ஒரு பங்கு கூட்டிக் காட்டும். 75 வீதம் வேலை செய்யும் ஊக்கி 100 வீதம் என்று தாளில் வரும்.

காபனோரொட்சைட்டு வெளியே போகும் குழாயைக் கட்டாயம் கட்டிடத்துக்கு வெளியே விடுங்கள். 1 அம்பியரில் மணிக்கு 0.46 லீற்றர் வரும். 30 கனமீற்றர் மூடிய அறையில் பத்து மணித்தியாலத்தில் பத்து லட்சத்தில் 150 பங்கைத் தாண்டும். மணமில்லாத வாயு, தலையிடி வந்த பிறகுதான் தெரியும். மாரியில் யன்னலைச் சாத்திவிட்டு இரவு ஓட்டம் விடுபவர்கள் பற்றரியில் ஓடும் காபனோரொட்சைட்டு எச்சரிக்கை மானியைக் கலத்துக்கு அருகில் வையுங்கள்; கரண்ட் போனாலும் அது விழித்திருக்க வேண்டும், காவல் மின்னோட்டத்தில் கலம் கொஞ்சமாவது விட்டுக்கொண்டேதான் இருக்கும்.

நீடிப்பைச் சோதித்து எழுதும்போது நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அரை மணித்தியாலம் வேண்டுமென்றே நிறுத்துங்கள்: ஒரு தொகுதிக்குக் காவல் மின்னோட்டத்தோடு, இன்னொரு தொகுதிக்கு இல்லாமல். மன்னார்க் காற்றாலையிலும் கூரைச் சூரியத் தகட்டிலும் வரும் மின்சாரம் நாளுக்குப் பல முறை ஏறி இறங்கும். இந்தக் கலங்களுக்குக் கிடைக்கப்போவது அந்த மின்சாரம்தான். நிறுத்தாமல் ஓடிய 200 மணித்தியாலத்தைவிட, ஐம்பது முறை நின்று எழும்பிய 200 மணித்தியாலம் வேறு எண். இரண்டையும் ஒரே அட்டவணையில் பக்கம் பக்கமாகப் போடுங்கள்.